ஸ்டேஷன் மாஸ்டர் எழுதிய நாவலும் என் பேரனும்

1985-ம் வருடம் ஜூன் மாதம் ஒரு பள்ளிக்கூடப் படிவத்தில் நான் போட்ட கையெழுத்தைப் பற்றி முதலில் சொல்லிவிடுகிறேன். படிவத்தில் 'இரண்டாம் மொழி' என்று ஒரு கட்டம். தமிழா, இந்தியா என்று கேட்டார்கள். பையன் நாளைக்கு வடக்கே வேலைக்குப் போவான், இந்தி இருந்தால் நல்லது, தமிழ்தான் வீட்டில் பேசுகிறோமே என்று கணக்குப் போட்டு இந்தி என்று எழுதிக் கையெழுத்திட்டேன். அப்போது தாம்பரம் ஸ்டேஷனில் புக்கிங் கிளார்க். கணக்கில் தப்பு வராது என்று பெயர் எடுத்தவன்.

பையன் சொன்னபடியே வடக்கே போனான். புனேயில் வேலை, அங்கேயே குடித்தனம், அங்கேயே பேரன் நிரஞ்சன் பிறந்தான். 2023 மே மாதம் குடும்பத்தோடு திரும்பி வந்து எங்களோடு கிழக்குத் தாம்பரத்தில் தங்கினார்கள். பேரனுக்கு அப்போது பத்து வயது. தமிழ் நன்றாகப் பேசுவான். ஆனால் ஒரு எழுத்து படிக்கத் தெரியாது. இங்கே பள்ளியில் சேர்த்ததும் தமிழ்ப் பாடம் கட்டாயம். மற்ற பாடங்களில் கை தூக்குகிறவன், தமிழ் வகுப்பில் கடைசி பெஞ்சில் தலையைக் குனிந்து உட்கார்ந்திருக்கிறான் என்று மருமகள் சொன்னாள். அவன் அப்பனுக்கே தமிழ்ச் செய்தித்தாளில் தலைப்பு வரைக்கும்தான் ஓடும். அப்புறம் ஏன் என்று கேட்டால் நான் போட்ட கையெழுத்துதான் என்று என் மனைவி சொல்லவில்லை. என்னை ஒரு பார்வை பார்த்தாள், அவ்வளவுதான்.

அந்த ஜூன் மாதத்தில்தான் சாகித்ய அகாதெமியின் பால சாகித்ய புரஸ்கார் விருது அறிவிப்பு வந்தது. ஜூன் 23, 2023. தமிழில் 'ஆதனின் பொம்மை' என்ற சிறுவர் நாவலுக்காக உதயசங்கருக்கு. எழுதியவர் கோவில்பட்டிக்காரர், ஓய்வுபெற்ற ஸ்டேஷன் மாஸ்டர் என்று தெரிந்ததும் எனக்கு உட்கார முடியவில்லை. நம்ம ரயில்வேக்காரர்! விருது வாங்கியது என் சித்தப்பா மகன் என்பது போல காலையில் நடைப்பயிற்சி நண்பர்களிடம் எல்லாம் சொல்லிக்கொண்டிருந்தேன்.

ரயில்வேயில் இல்லாத நண்பர்களுக்காக ஒரு வார்த்தை. எங்களைப் போல கவுண்டரில் உட்கார்ந்தவனுக்கு மூச்சுவிட நேரம் கிடையாது. ஆனால் சின்ன ஸ்டேஷனில் ராத்திரி டியூட்டி பார்க்கும் ஸ்டேஷன் மாஸ்டரின் உலகம் வேறு. பக்கத்து ஸ்டேஷனிலிருந்து மணி அடிக்கும். லைன் கிளியர் கொடுக்க வேண்டும். பிரைவேட் நம்பர் வாங்கி ரிஜிஸ்டரில் எழுத வேண்டும். வண்டி போய்விட்டால் அடுத்த மணி அடிக்கும் வரை விளக்கும் பூச்சிகளும்தான் துணை. தூங்கவும் கூடாது. அந்த நேரத்தில் படித்து, எழுதிப் பெரிய ஆளானவர்கள் நம் துறையில் பலர் உண்டு. உதயசங்கர் 1960-ல் பிறந்தவர். கோணங்கி, தமிழ்ச்செல்வன், தேவதச்சன் என்று எழுத்தாளர்கள் தெருவுக்குத் தெரு இருந்த கோவில்பட்டியில் வளர்ந்தவர். பெரியவர்களுக்கும் எழுதியிருக்கிறார். மலையாளத்திலிருந்து குழந்தைகளுக்காக நிறைய மொழிபெயர்த்திருக்கிறார்.

2024 ஜனவரியில் நந்தனம் ஒய்.எம்.சி.ஏ. மைதானத்துப் புத்தகக் காட்சிக்குப் போய் அந்தப் புத்தகத்தை வாங்கி வந்தேன். பேரனுக்குப் படிக்கத் தெரியாது. நான் வாய்விட்டுப் படிப்பது, அவன் கேட்பது என்று ஏற்பாடு.

நிற்க. இந்தப் புத்தகம் எனக்கு ஏன் அவ்வளவு புதிதாகப் பட்டது என்று சொல்வதற்கு, நம் காலத்தில் நாம் என்ன படித்தோம் என்று கொஞ்சம் பார்க்க வேண்டும்.

நான் வளர்ந்தது விழுப்புரம் ரயில்வே குவார்ட்டர்ஸில். அப்பா கார்டு. மாதம் ஒருமுறை அவர் பெட்டிக்குள்ளிருந்து அம்புலிமாமா வெளியே வரும். 1947 ஜூலையில், நாடு சுதந்திரம் அடைய ஒரு மாதம் இருக்கும்போது, நாகி ரெட்டியும் சக்ரபாணியும் தொடங்கிய பத்திரிகை. வடபழனியில் அச்சாகி இந்தியா முழுக்கப் பல மொழிகளில் போனது. சங்கர் வரைந்த விக்கிரமாதித்தன், தோளில் வேதாளத்தோடு, கையில் வாளோடு மயானத்தில் நடக்கும் படம் உங்களில் பலருக்கு இன்றும் கண்ணை மூடினால் தெரியும். எனக்குத் தெரிகிறது. அப்புறம் 'கண்ணன்'. கலைமகள் காரியாலயத்திலிருந்து ஆர்வி ஆசிரியராக இருந்து 1950 முதல் நடத்திய பத்திரிகை. அதில் தொடர்கதை வந்தால் அடுத்த இதழுக்காக ஸ்டேஷன் புத்தகக் கடையில் காவல் இருப்போம். தமிழ்வாணனின் 'கல்கண்டு' அண்ணனுடையது, எனக்குக் கடைசியாகத்தான் வரும். 1972-ல் சிவகாசியிலிருந்து முத்து காமிக்ஸ் 'இரும்புக்கை மாயாவி'யோடு வந்தபோது எனக்கு 21 வயது. தம்பி படித்துவிட்டு வைத்ததை யாரும் பார்க்காதபோது நானும் படித்தேன். இப்போது ஒப்புக்கொள்வதில் வெட்கமில்லை.

வாண்டுமாமாவைச் சொல்லாமல் விடக்கூடாது. புதுக்கோட்டைப் பக்கம் அரிமளத்தில் 1925-ல் பிறந்த வி. கிருஷ்ணமூர்த்திதான் அவர். கோகுலத்திலும், பின்னர் எண்பதுகளில் வந்த பூந்தளிரிலும் அவர் உழைத்த உழைப்பை ஒரு கூட்டமே சேர்ந்தாலும் செய்ய முடியாது. கதை, படக்கதை, அறிவியல், மாயாஜாலம் எல்லாம் ஒரே கை. 2014 ஜூனில் தமது 89-வது வயதில் காலமானபோது பத்திரிகைகளில் வந்த இரங்கல் அவர் உழைப்புக்குக் கொஞ்சமும் ஈடாகாது என்பது என் ஆதங்கம். என் பையனுக்குப் பூந்தளிர் வாங்கிக் கொடுத்தேன். அவன் சுப்பாண்டி படத்தை மட்டும் பார்த்துச் சிரிப்பான். எழுத்து தெரியாதே! அப்போதாவது எனக்கு உறைத்திருக்க வேண்டும்.

அழ. வள்ளியப்பா இந்தியன் வங்கியில் வேலை பார்த்துக்கொண்டே 1950-ல் குழந்தை எழுத்தாளர் சங்கத்தைத் தொடங்கினார். பாட்டுக்காகவே அவரை நினைக்கிறோம், ஆனால் 'நீலா மாலா' என்று சிறுவர் நாவலும் எழுதியிருக்கிறார். பெ. தூரன் கலைக்களஞ்சியத்தின் பத்துத் தொகுதிகளுக்கு முதன்மை ஆசிரியர், அது போதாதென்று குழந்தைகளுக்கென்று தனியாகப் பத்துத் தொகுதிகள். அவ்வளவு பெரிய காரியத்துக்கு நடுவிலும் 'சூரப்புலி', 'கொல்லிமலைக் குள்ளன்' என்று பிள்ளைகளுக்கு நாவல் எழுத அவருக்கு நேரம் இருந்தது. கல்வி கோபாலகிருஷ்ணன் 'பண்டை உலகில் பறக்கும் பாப்பா' எழுதினார்.

இத்தனையும் அன்போடு நினைத்துக்கொண்டே ஒன்றைச் சொல்கிறேன். நாம் படித்த கதைகளில் பெரும்பாலானவை நடந்தது 'ஒரு ஊரில்'. அந்த ஊர் எது? உஜ்ஜயினி, அல்லது பெயரில்லாத ஒரு ராஜ்யம், அல்லது ஏழு கடல் தாண்டி ஒரு தீவு. காமிக்ஸ் என்றால் நியூயார்க். கொல்லிமலை மாதிரி பஸ் ஏறிப் போய்ப் பார்க்கக்கூடிய இடம் தலைப்பிலேயே இருக்கும் புத்தகம் அபூர்வம். விழுப்புரத்தில் கதை நடக்கும் என்று எனக்குக் கனவில் கூடத் தோன்றியதில்லை. கதை என்றாலே வேறு எங்கோ நடப்பது என்று நம்பித்தான் வளர்ந்தோம். அதனால் குறைந்துபோய்விட்டோம் என்று சொல்ல மாட்டேன். ஆனாலும் காலடியில் இருக்கும் மண்ணை நாம் யாரும் குனிந்து பார்க்கவில்லை என்பது உண்மை.

அகாதெமி விஷயத்துக்கு வருகிறேன். சாகித்ய அகாதெமி தொடங்கியது 1954-ல். குழந்தை இலக்கியத்துக்கென்று தனி விருது கொடுக்க வேண்டும் என்று அவர்களுக்குத் தோன்றியது 2010-ல். நடுவில் 56 வருடம்! வள்ளியப்பாவும் தூரனும் அதற்குள் போய்ச் சேர்ந்துவிட்டார்கள். விருதுத் தொகை 50,000 ரூபாயும் ஒரு செப்புப் பட்டயமும். தமிழில் முதல் விருது ஒரு நாவலுக்கே கிடைத்தது என்பது சந்தோஷம்: மா. கமலவேலனின் 'அந்தோணியின் ஆட்டுக்குட்டி'. பிறகு பாட்டு, சிறுகதை, மொத்தப் பங்களிப்பு என்று பல வகையில் போய், 2020-ல் யெஸ். பாலபாரதியின் 'மரப்பாச்சி சொன்ன ரகசியம்'. குழந்தைகளிடம் பெரியவர்கள் தப்பாக நடந்துகொள்வதைப் பற்றிக் குழந்தைக்கே புரியும்படி பேசும் நாவல் அது. நம் தலைமுறையில் இதற்கு வார்த்தையே கிடையாது. அதை நான் பேரனுக்குப் படித்துக் காட்டத் தயங்கினேன், உண்மையைச் சொல்கிறேன். முதலில் மருமகளிடம் கொடுத்தேன். அவள் ஒரே மூச்சில் படித்துவிட்டு, "மாமா, இதை நானே அவனுக்குப் படிச்சுக் காட்டறேன்" என்று வாங்கி வைத்துக்கொண்டாள். அவளுக்குத் தமிழ் படிக்க வரும், திருச்சியில் அரசுப் பள்ளியில் படித்தவள். அவள் அப்பா சரியான கட்டத்தில் டிக் போட்டிருக்கிறார்.

இனி 'ஆதனின் பொம்மை'. கதை கீழடியில் நடக்கிறது. இந்தக் காலத்துப் பையன் ஒருவன், ஒரு பொம்மை வழியாக, 2,600 வருடத்துக்கு முந்தைய ஆதன் என்ற பையனைச் சந்திக்கிறான். இவ்வளவுதான் சொல்வேன், மீதியைப் படித்துக்கொள்ளுங்கள். ஆதன் என்ற பெயரை ஆசிரியர் சும்மா பொறுக்கி எடுக்கவில்லை. அது மண்ணிலிருந்து வந்த பெயர்.

கீழடி மதுரையிலிருந்து தென்கிழக்கே பன்னிரண்டு, பதின்மூன்று கிலோமீட்டரில், சிவகங்கை மாவட்டத்தில் வைகைப் பக்கம் இருக்கிறது. தென்னந்தோப்புகளுக்கு நடுவே 2014–15-ல் மத்தியத் தொல்லியல் துறை, அமர்நாத் ராமகிருஷ்ணா தலைமையில் தோண்ட ஆரம்பித்தது. 2018-லிருந்து மாநிலத் தொல்லியல் துறை தோண்டியது. செங்கல் கட்டடம், உறைகிணறு, தக்களி, தந்தத்தில் சீப்பு, தாயக்கட்டை, பாண்டி விளையாட வட்டமாகத் தேய்த்த ஓட்டுச் சில்லுகள், சுடுமண் பொம்மைகள் எல்லாம் கிடைத்தன. 353 சென்டிமீட்டர் ஆழத்தில் கிடைத்த கரியை அமெரிக்காவுக்கு அனுப்பிப் பரிசோதித்ததில் கி.மு. 580 என்று வந்தது. 2019 செப்டம்பரில் தமிழக அரசு அறிக்கையாக வெளியிட்டது. அந்த ஆண்டுக் கணக்கைப் பற்றி அறிஞர்களுக்குள் வாதம் இன்னும் ஓயவில்லை, அது அவர்கள் பாடு. என்னை உலுக்கியது வேறு. அந்த அறிக்கையில் தமிழி எழுத்து கீறிய 56 பானை ஓடுகளைப் பற்றிச் சொல்லியிருக்கிறார்கள். அவற்றில் 'ஆதன்' என்றும் 'குவிரன் ஆதன்' என்றும் பெயர்கள். பானையைச் சூளையில் சுட்டு எடுத்த பிறகு, அதன் தோள் பக்கத்தில், கூரான எதையோ கொண்டு கீறிய எழுத்து. கையெழுத்து ஒன்றைப்போல் ஒன்று இல்லை. அதாவது குயவர் எழுதியது அல்ல, பானையின் சொந்தக்காரர்கள் அவரவர் எழுதிக்கொண்டது என்று நினைக்க இடமிருக்கிறது.

மாலை ஏழரைக்கு மின்விசிறிக்குக் கீழே பாய் விரித்து, ஒரு நாளைக்கு ஏழெட்டுப் பக்கம் என்று படித்தேன். முதல் இரண்டு நாள் பேரன் கைபேசியைப் பார்த்துக்கொண்டே கேட்டான். மூன்றாம் நாள் கைபேசி இல்லை. ஐந்தாம் நாள் நான் இருமல் வந்து நிறுத்தியபோது, "அப்புறம் என்ன ஆச்சு?" என்று புத்தகத்தை என் கையிலிருந்து பிடுங்கினான். பிடுங்கிப் பார்த்தான். அவனுக்கு ஒன்றும் புரியாது. அந்தப் பக்கத்தையே வெறித்துப் பார்த்தபடி ஒரு நிமிஷம் உட்கார்ந்திருந்தான். பத்து வயதுப் பிள்ளை. கதை கையில் இருக்கிறது, கதவு பூட்டியிருக்கிறது. சாவி தொலைந்தது 1985-ல். அந்த ஒரு நிமிஷத்தை நான் மறக்க மாட்டேன்.

குறை இல்லையா என்றால் இருக்கிறது. ஆசிரியருக்குக் கீழடியைப் பற்றித் தெரிந்ததை எல்லாம் சொல்லிவிட வேண்டும் என்ற ஆசை. சில பக்கங்களில் கதை நின்று கண்காட்சி நடக்கிறது. எனக்கு அப்படிப் பட்டது. பேரனுக்குப் படவில்லை, அவனுக்கு அந்தப் பக்கங்கள்தான் பிடித்தன. சில்லு விளையாட்டைப் பற்றி வந்ததும் நிறுத்தச் சொல்லி, எழுந்து, மொட்டை மாடிக்குப் போய்ச் சாக்பீஸில் கட்டம் போட்டு, என் மனைவியிடம் பாண்டி ஆடச் சொன்னான். 68 வயதில் அவள் ஒற்றைக்காலில் இரண்டு கட்டம் தாண்டினாள்.

புத்தகம் முடிந்த அன்று அவன் கேட்ட கேள்வி: "தாத்தா, நம்ம தாம்பரத்துல தோண்டினா என்ன வரும்?"

குழாய் உடைப்பு வரும் என்று சொல்ல வாயெடுத்தேன். அப்புறம் நினைவு வந்தது. நம் பக்கத்துப் பல்லாவரத்தை விட்டுவிட்டுக் கீழடிக்கு ஏன் போக வேண்டும்?

1863 மே 30. ராபர்ட் புரூஸ் ஃபூட் என்ற வெள்ளைக்காரர், 28 வயது, அரசாங்கத்தின் புவியியல் ஆய்வுத் துறையில் வேலை. பல்லாவரத்தில் பட்டாள மைதானத்துப் பக்கம் செம்புரைக் கல் சரளை தோண்டிய பள்ளத்தில் ஒரு கல்லை எடுத்தார். இயற்கையாக உடைந்த கல் அல்ல, மனிதன் கையால் தட்டித் தட்டிச் செதுக்கிய கைக்கோடரி என்று கண்டுகொண்டார். நாலே வருடத்துக்கு முன்னால், 1859-ல்தான், பிரான்சில் கிடைத்த இதுமாதிரிக் கற்கள் ஆதிமனிதன் செய்தவை என்று ஐரோப்பிய அறிஞர்கள் ஏற்றுக்கொண்டிருந்தார்கள். அந்தச் செய்தி காதில் விழுந்த மனிதன் பல்லாவரத்தில் குனிந்து பார்த்திருக்கிறான். இந்தியாவில் பழைய கற்காலம் என்று ஒன்று இருந்தது என்பதற்கு முதல் சாட்சி நம் பல்லாவரத்துக் கல். அதே வருடம் செப்டம்பரில் அவரும் வில்லியம் கிங்கும் திருவள்ளூர் பக்கம் அத்திரம்பாக்கத்தில் இன்னும் நிறைய கண்டெடுத்தார்கள். அந்த அத்திரம்பாக்கத்துக் கருவிகள் ஏறக்குறைய 15 லட்சம் வருடப் பழமையானவை என்று 2011-ல் சாந்தி பப்பு குழுவினர் உலகத்துக்குச் சொன்னார்கள்.

அதற்குப் பின்னர் அலெக்சாண்டர் ரீ பல்லாவரத்தில் தோண்டிச் சுடுமண் ஈமப்பேழைகளை எடுத்தார். தொட்டி மாதிரி இருக்கும், அடியில் வரிசையாகக் கால்கள். இறந்தவர்களின் எலும்பை வைத்துப் புதைத்தது. ஜமீன் பல்லாவரத்தில் வீட்டில் ஒரு மாடி எழுப்பத் தொல்லியல் துறையிடம் அனுமதிக்கு அலைந்தவர்கள் இதைப் படித்தால் பல்லைக் கடிப்பார்கள். அவர்கள் கஷ்டம் எனக்குத் தெரியும். என் நண்பர் ஒருவர் கட்டாத மாடிக்கு வரைபடம் வைத்துக்கொண்டு பல வருடம் நடந்தார். இரண்டு பக்கமும் நியாயம் இருக்கிற வழக்கு.

அப்புறம் மலையடிவாரத்தில் மகேந்திரவர்ம பல்லவன் குடைந்த குகை. இப்போது தர்காவாக இருக்கிறது. ராஜா அந்தக் கல்லில் தன் பட்டப்பெயர்களை எல்லாம் வெட்டி வைத்திருக்கிறான். இதைச் சொன்னதும் பேரன், "ஆதன் பானையில எழுதினான், இவன் மலையில எழுதிட்டான்" என்றான். நான் 35 வருடம் அந்தப் பக்கம் ரயிலில் போய் வந்திருக்கிறேன், எனக்கு இது தோன்றியதில்லை.

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை ரெண்டு பேரும் பல்லாவரம் போனோம். ஃபூட் கல்லெடுத்த பகுதி பட்டாளத்தின் வசம், உள்ளே போக முடியாது. வேலிக்கு வெளியே நின்று பார்த்தோம். ஒரு பெயர்ப்பலகைகூட எங்கள் கண்ணில் படவில்லை. அவனுக்கு ஏமாற்றம். ஆனால் திரும்பி வருவதற்கு மின்சார ரயிலுக்குக் காத்திருந்தபோதுதான் காரியம் நடந்தது.

பிளாட்பாரத்து மஞ்சள் பலகையைப் பார்த்துக்கொண்டிருந்தான். மேலே தமிழ், அப்புறம் இந்தி, ஆங்கிலம். மூன்றும் ஒரே பெயர். இந்தியும் ஆங்கிலமும் அவனுக்குத் தெரியும். "தாத்தா, அப்போ இதுதான் 'ப'வா? இதுதான் 'ல்லா'வா?" என்றான். நான் ரயில்வேயில் உழைத்து, அந்தப் பலகைக்குக் கீழே ஆயிரம் தடவை நின்றவன். அது அரிச்சுவடி என்று எனக்குத் தெரியவில்லை.

அன்றிலிருந்து எங்கள் பள்ளிக்கூடம் தாம்பரம்–கடற்கரை மின்சார ரயில்தான். 1931-லிருந்து ஓடும் தடம். சீனியர் சிட்டிசன் ஒருவரும் அரை டிக்கெட் ஒருவரும் விடுமுறை நாளில் ஏறுவோம். ஒவ்வொரு ஸ்டேஷனிலும் வண்டி நிற்கும் முப்பது விநாடிதான் பாடம். அவன் சண்டைக்கு வருவான்: "'பல்லாவரம்'ல இது 'ப'. 'தாம்பரம்'ல அதே எழுத்தை வேற மாதிரி சொல்றீங்க. 'கிண்டி'ல ஒரு மாதிரி, 'கோட்டை'ல ஒரு மாதிரி. யாரு இந்த ரூல் போட்டது?" வாய் தானாகப் போடுகிற விதி என்று சொல்லி, மெல்லினத்துக்குப் பின்னால் வருவதை உச்சரித்துக் காட்டினேன். பழவந்தாங்கல் வந்ததும் 'ழ'வில் மாட்டிக்கொண்டான். எழும்பூரில் மறுபடி அதே 'ழ' வந்தபோது பழைய சிநேகிதனைக் கண்ட மாதிரி கத்தினான், எதிரில் இருந்த பூக்கார அம்மாள் சிரித்தாள். இந்தி எழுத்தும் தமிழ் எழுத்தும் ஆதியில் பிராமி என்ற ஒரே குடும்பத்துப் பிள்ளைகள் என்று சொன்னேன். அப்படியானால் ஆதனுக்கு இரண்டில் எது தெரியும் என்று கேட்டான். இரண்டும் தெரியாது, இரண்டுக்கும் முன்னால் இருந்ததுதான் அவனுக்குத் தெரியும் என்றேன். சேத்துப்பட்டு வரைக்கும் பேசவில்லை.

ஏப்ரலில் 18 பலகைகளும் முடிந்தன. தமிழ்ப் பரீட்சையில் நூற்றுக்கு 41. அவன் அப்பா கொஞ்சம் முகத்தைச் சுளித்தான். நான் அவனைக் கூப்பிட்டு, "டேய், உனக்கு அந்த 41 வருமா?" என்று கேட்டேன். இப்போது ரெண்டு பேரும் சேர்ந்து உட்காருகிறார்கள். பையனுக்கு 44 வயது.

அந்தக் கோடையில் பல்லாவரம் வெள்ளிக்கிழமைச் சந்தைக்குப் போனேன். எனக்கு நாற்பது வருடப் பழக்கம். பழைய பைண்டு அம்புலிமாமா சில அங்கே கிடைத்ததுதான். இந்த முறை தண்ணீருக்கு ஒரு மண்பானை வாங்கி வந்தேன். இரண்டு நாள் தண்ணீர் ஊற்றி ஊறவைத்து, கொட்டி, மணல் மேல் வைத்தாயிற்று. மறுநாள் காலை என் மனைவி கூச்சல் போட்டாள். புதுப் பானையின் தோள் பக்கத்தில் ஆணியால் கீறல். கோணல் மாணலாக ஐந்து எழுத்து: 'நிரன்சன்'.

"புதுப் பானைடா! இப்படியா கிறுக்குவ?"

"யாரோட பானைன்னு தெரியணும்ல பாட்டி."

ஒரு எழுத்து தப்பு என்று சொல்லத் தோன்றியது. சொல்லவில்லை. அவனே ஒரு மாதம் கழித்துக் கண்டுபிடித்து, திருத்தட்டுமா என்று கேட்டான், வேண்டாம் என்றுவிட்டேன். 2025 ஜூனில் விருது அறிவித்த விஷ்ணுபுரம் சரவணனின் 'ஒற்றைச் சிறகு ஓவியா'வை இப்போது அவனே எழுத்துக் கூட்டிப் படித்துக்கொண்டிருக்கிறான். ஒரு பக்கத்துக்குப் பத்து நிமிஷம் ஆகிறது. நான் பக்கத்தில் உட்கார்ந்திருக்கிறேன், கேட்டால் மட்டும் சொல்வேன். பானையின் அடியில் லேசாகக் கசிவு கண்டிருக்கிறது. மாற்றலாம் என்கிறாள் மனைவி. கீழே ஒரு தட்டு வைத்திருக்கிறேன்.